கேட்டவர்களின் கச்சேரி

"வயலினைக் கொஞ்சம் கொறைக்க முடியுங்களா?"

பூங்கோதை கேட்டதில் தவறில்லை. செவிக்கூட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் கொஞ்ச நேரத்தில் கேட்பதுதான். ஆனாலும் அபயாம்பிகைக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கும். அது அவளுடைய அப்பா கஞ்சனூர் அமிர்தகடேசனின் வயலின்.

"கொறைக்கலாம்மா. ஆனா அடியோட நிறுத்த மாட்டோம். இந்த இடத்தோட விதி அது," என்று சொல்லி ஒலியளவுத் திருகைக் கீழே இறக்கினாள்.

வயலின் பின்வாங்கியது. அரங்கம் முன்னால் வந்தது. மின்விசிறிகளின் முனகல். மடக்கு நாற்காலி ஒன்றின் கிறீச்சல். யாரோ ஒரு பெண்மணியின் வளையல்கள். திரையில் மந்தைவெளி அரங்கத்தின் இருக்கை வரைபடம் விரிந்திருந்தது. ஒன்பதாம் வரிசையில் ஓரத்து இருக்கை மஞ்சளாக மின்னியது. பூங்கோதை ஈரோட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய கல்யாண வீடியோவிலிருந்து அவள் அப்பாவின் குரலை எடுத்துக்கொண்டு, கருவி அந்த இருக்கையைத் தேடிப் பிடித்திருந்தது.

"இருங்க, இருங்க... செருமறாரு! எங்கப்பாதாங்க. மூணு தரம் செருமுவாரு, மூணாவது இழுத்தாப்புல வரும். வந்துச்சு பாருங்க!" பூங்கோதை அபயாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் காதில் மாட்டியிருந்த சிறு கேட்பியில் அபயாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செருமல் முடிந்ததும் அந்த மனிதர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். "தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் எந்திரிச்சிரணும் மாப்ள. போன வருசமே வாழைப்பூ வடை தீந்து போச்சு."

பூங்கோதை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கே ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "வடைங்க... செத்து இத்தனை வருசம் கழிச்சு, வடையப் பத்திப் பேசறாரு," என்றாள். "இன்னொருக்கா போடுங்க."

அபயா இன்னொரு தடவை போட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை. வெளியே படிக்கட்டு முழுவதும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

மந்தைவெளி அரங்கத்தின் மாடியிலிருந்த அந்த ஒலிமனையை ஒரு காலத்தில் மூடிவிடுவதாக இருந்தார்கள். அமிர்தகடேசனின் பதிவுகள் அங்கேதான் இருந்தன. தனி வயலின் கச்சேரிக்கு அவரைப்போல் ஒருவர் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் கேட்க வந்தவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பதிவுகளுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. மற்ற வித்வான்களின் பதிவுகள் மேடை மைக்கிலிருந்து நேராக எடுத்தவை. அவற்றில் கைதட்டல்கூடத் தூரத்துக் கடல் இரைச்சலாகத்தான் கேட்கும். அமிர்தகடேசனுக்கோ மேடையில் தன் வயலின் எப்படி ஒலிக்கிறது என்பதில் அக்கறையே இல்லை. கடைசி வரிசையில் எப்படிக் கேட்கிறது என்பதுதான் அவர் கவலை. தொண்ணூறுகளிலேயே சுவரோரம், தூண்களில், கூரையிலிருந்து என்று அரங்கம் முழுக்க மைக்குகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பதிவுசெய்தார். மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்து கடைசித் தூணின் தடத்தைப் போட்டுக் கேட்பார். "தையல், இங்க வா. இந்த இடத்துல வில்லோட மூச்சு கேக்குதா உனக்கு? அங்க உக்காந்திருக்கிற மனுசனுக்குக் கேட்டிருக்குமா?" என்று மனைவியை அழைத்துக் கேட்பார். தையல்நாயகி கை வேலையைப் போட்டுவிட்டு வந்து காதைச் சாய்த்து, "கேக்குது, கேக்குது," என்பாள். சில நாள் "இல்லை" என்றும் சொல்வாள். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிட மாட்டார்.

அப்பா போய், அம்மாவும் போன பிறகு அபயா அந்தப் பதிவுகளுக்குக் காவலாக இருந்தாள். வந்த கொஞ்சப் பேரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: இருமல், பேச்சு, டிபன் பொட்டலத்தின் சரசரப்பு. வயலின் மட்டும் தனியாகக் கிடைத்தால் நன்றாக இருக்கும். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒலிப் பொறியாளர் ரிஸ்வானாவைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொன்னாள்.

ரிஸ்வானா செய்த கருவிதான் அவைமீட்பி. "ரொம்ப லேசான விஷயம்தான் அக்கா," என்று அவள் விளக்கினாள். "ஒருத்தர் தும்மினா, அந்தச் சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் ஒவ்வொரு நேரத்துல போய்ச் சேரும். வித்தியாசம் மயிரிழைதான். அத வச்சு எந்த நாற்காலியில இருந்து தும்மல் கிளம்புச்சுன்னு கணக்குப் போட்டுடலாம். எந்த நாற்காலின்னு தெரிஞ்சா, அதைத் தனியா உருவி வெளிய எடுத்துடலாம். உங்கப்பா இவ்வளவு மைக் போட்டு வைக்கலன்னா இதெல்லாம் நடக்காது."

ஒரு வாரத்தில் அவள் இரண்டு கோப்புகளைக் கொண்டுவந்தாள். ஒன்றில் வயலின், பனியில் நனைந்த இலைபோலத் துல்லியமாக. இன்னொன்றில் மிச்ச ஒலி.

"மிச்சத்தை அழிச்சிடு," என்றாள் அபயா.

"அழிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடுங்களேன்." ரிஸ்வானாவின் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. "நான் சரிபார்க்கத்தான் போட்டேன். போட்டா, எந்திரிக்கவே முடியல."

அப்போது அறையில் அரங்கத்தின் செயலாளர் ஞானசம்பந்தமும் இருந்தார். ஒலிமனையை மூடும் முடிவைச் சொல்லத்தான் வந்திருந்தார். எண்பதைத் தொட்டவர், கறாரானவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரிஸ்வானா மிச்ச ஒலியைப் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் ஒருவரின் குறட்டை. பெண் பார்த்துவிட்டு வந்த கதையை இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தம். ஒரு குழந்தையின் சிணுங்கல். நடுவே ஒரு பெண்குரல் கேட்டது: "இது என்ன ராகங்க?"

உடனே ஓர் ஆணின் எரிச்சலான பதில்: "பேசாம கேளு."

ஞானசம்பந்தம் எழுந்து நின்றார். "அது காந்திமதி," என்றார். "பதில் சொன்னது... நான்."

அந்த இரண்டு வரிகளை அன்று சாயங்காலம் வரை அவர் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். காந்திமதி இறந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவளுடைய குரல் எங்குமே பதிவாகவில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். போகும்போது அபயாவிடம், "கமாஸ்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே," என்று மட்டும் சொன்னார். ஒலிமனையை மூடும் பேச்சு அத்தோடு நின்றது.

செய்தி பரவியது. சுத்தமான வயலின் கோப்பை வெளியிட்டார்கள், யாரும் சீந்தவில்லை. மிச்ச ஒலிக்கு வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அமிர்தகடேசன் எங்கெல்லாம் வாசித்தாரோ அந்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். "எங்க பெரியப்பா திருச்சிக் கச்சேரிக்கு வந்திருப்பார்," "எங்கம்மா கர்ப்பமா இருந்தப்ப கும்பகோணத்துல கேட்டாங்களாம்." நாட்டின் வேறெந்தக் கலைஞரின் பதிவிலும் கேட்டவர்கள் இல்லை. அவர் பதிவில் மட்டும் இருந்தார்கள். கேட்பவர்களைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட மனிதரின் வயலினை, அந்தக் கேட்பவர்களுக்காகவே குறைக்கச் சொன்னார்கள்.

வயலினை ஒருபோதும் முழுதாக நிறுத்தக் கூடாது என்ற விதியை அபயா அப்போதுதான் போட்டாள். தன்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அந்த நாற்காலியில் அவள் மட்டும் உட்காரவே இல்லை.

"உங்கம்மா எல்லாக் கச்சேரிக்கும் வந்திருக்காங்களே அக்கா. ஒரு தடவை கூடவா தோணல?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

தோணாமல் இல்லை. அம்மாவைக் கேட்பதற்கு அப்பாவைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, விடுமுறை நாள், அரங்கத்தில் யாருமில்லாத காலை வேளையில், ரிஸ்வானாவை மட்டும் வரச்சொல்லிவிட்டு, தானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்தக் கச்சேரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இதே அரங்கத்தில் பேகடை ராகம் வாசித்த அந்த மார்கழிக் கச்சேரி. அதைக் கேட்டவர்கள் சாகும்வரை அதைப் பற்றிப் பேசினார்கள். அபயாவும் அங்கே இருந்தாள், ஆறு வயதில். அவளுக்கு அதில் ஒரு சுரம்கூட நினைவில்லை.

ரிஸ்வானா திருகை இறக்கினாள். ஐந்தாம் வரிசை, சுவரோரம்.

முதலில் ஆரஞ்சுப் பழத்தோல் உரிபடும் சத்தம். அபயாவின் கண்கள் மூடிக்கொண்டன. அந்த வாசனையே வந்தது.

"அம்மா, எப்பம்மா முடியும்?" அது அவளே.

"இரு கண்ணு. சுளை தின்னு."

"சீக்கிரம் முடிஞ்சிடுமா?"

"சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாதுன்னு நான் சாமிய வேண்டிக்கிட்டு இருக்கேன். நீயும் வேண்டிக்க."

பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும்தான். அம்மாவின் மூச்சு. நாற்பது வருடத்துக்கு முந்தைய மூச்சு, காதோரமாக. அப்புறம் திடீரென்று நாக்கை மேலண்ணத்தில் தட்டும் ஒரு சின்ன ஒலி. "ச்சு." தாளாமல் போகும்போது அம்மா செய்வது. சமையலறையில் பால் பொங்கி வழிந்தாலும் அதே ச்சுதான், ஆனால் இது வேறு. கொஞ்சம் இடைவெளி விட்டு அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சுபோல எழுந்தது. "ஆஹா", "அடடா", "பலே" என்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அம்மா எல்லோரையும் முந்திக்கொண்டிருந்தாள்.

எதற்கு? எந்த இடத்துக்கு அந்த ச்சு? வயலின் அடிவானத்தில் எங்கோ ஒரு கீற்றாக இருந்தது. ஒன்றும் புரியவில்லை.

"ரிஸ்வானா, வயலினை ஏத்து," என்றாள் அபயா.

"அப்ப அம்மா கேக்காதே அக்கா?"

"பரவால்ல. ஏத்து."

வில் மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கி வந்தது. பேகடைக்கே உரிய அந்த நிஷாதத்தின் வாசலில் வந்து நின்றது. உள்ளே போகவில்லை. திரும்பவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, எல்லோரும் எதிர்பார்த்த பக்கம் போகாமல், பக்கவாட்டில் நழுவி உள்ளே இறங்கியது. அந்த நழுவலில்தான் அம்மாவின் ச்சு மூழ்கிப்போயிருந்தது. இப்போது அது கேட்கவில்லை, ஆனால் எங்கே இருக்கிறதென்று அபயாவுக்குத் தெரிந்தது.

அவள் செவிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ரிஸ்வானா கீழே போய்க் காப்பி வாங்கிவந்தாள்.

கொஞ்ச நாளில் இந்த நாட்டில் மைக் இல்லாத அரங்கமே இல்லை என்றாகிவிட்டது. மேடைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலே பட்டாணி அளவில் ஒரு மைக். முழுப்பதிவு அரங்கம் என்று வாசலிலேயே எழுதிப்போட்டார்கள். தானும் ஒருநாள் யாரோ ஒரு பேத்தியின் காதில் செருமலாகவாவது மிஞ்ச வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. முதல் வருடம் வேடிக்கையாக இருந்தது. வீட்டிலேயே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, "பிள்ளைகளா, ஒற்றுமையா இருங்க. உங்க தாத்தா பேசுறேன்," என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ஒலிமனைக்கு வந்தார். தலைமை ஆசிரியராக இருந்த தன் அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டை, விபூதி, கோயிலுக்கு வந்தவர்போல் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். கருவி அப்பாவைக் கண்டுபிடித்தது. வந்தவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அபயாவின் கேட்பியிலும் அந்தத் தலைமை ஆசிரியர் தன் நண்பரிடம் சொன்னது தெளிவாக விழுந்தது: "மூத்தவன் தேற மாட்டான்யா. அவனப் பத்தி நான் நினைக்கிறதையே விட்டுட்டேன். சின்னவன்தான் எனக்குப் பிள்ளை."

அவர் மெதுவாகச் செவிக்கூட்டைக் கழற்றினார். "நான்தான் மூத்தவன்," என்றார். கடைசி எட்டு வருடம் படுக்கையில் கிடந்த அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது அவர்தான் என்று பிற்பாடு அவருடைய மனைவி சொல்லித் தெரிந்தது. அன்று அவர் எழுந்து வெளியே போனார். செருப்பைப் போட மறந்து படியிறங்கினார். அபயா அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடிப்போய்க் கொடுத்தாள்.

அதுபோல இன்னும் பல. ஒரு தாயின் வாயிலிருந்து, தனக்கு இந்தக் கல்யாணமே பிடிக்கவில்லை என்று. ஒரு நண்பரின் வாயிலிருந்து, பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோன மறுகணமே அவரைப் பற்றிய கேலி. பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொருவரும் தன் தலைக்கு மேலிருந்த பட்டாணி மைக்கை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மார்கழியில் அரங்கங்கள் நிறைந்திருந்தன. ஒரு சத்தமும் இல்லை. "ஆஹா" என்று சொல்ல வாயெடுத்தவர்கள்கூட, தப்பான இடத்தில் சொல்லிவிட்டால் பேரன் என்ன நினைப்பான் என்று விழுங்கிக்கொண்டார்கள். இருமல் வந்தால் வெளியே ஓடினார்கள். வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள் பெண்கள். மைக் இல்லாத அரங்கம் ஒன்றை யாரோ தொடங்கிப் பார்த்தார், நுழைவுச்சீட்டு விற்கவில்லை. பதிவாகாத இடத்துக்குப் போய் என்ன பயன் என்று கேட்டார்களாம்.

தாமிரா அந்த வருடம்தான் மந்தைவெளியில் முதன்முதலாக வாசித்தாள். அம்பாசமுத்திரத்துப் பெண், முப்பது வயது இருக்கும். அமிர்தகடேசனுடையதல்லாத வேறொரு பாணியில் வயலின் கற்றவள். கச்சேரி முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிக்கு வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அபயாம்மா, நான் அவ்ளோ மோசமாவா வாசிச்சேன்?"

"யாரு சொன்னா? நீ வாசிச்ச சஹானா இன்னும் என் காதுலயே நிக்குது."

"அப்ப ஏன் ஒருத்தரும் வாயைத் தொறக்கல?" தாமிரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க கூடச் சொல்லலையே அம்மா."

அபயாவுக்குச் சுருக்கென்றது. அவளும்தான் தன் ஆஹாவை விழுங்கியிருந்தாள்.

"கைதட்டு வருது, இல்லேங்கல. கடைசியில எல்லாரும் சேந்தாப்புல தட்டுதாங்க. ஆனா வாசிக்கும்போது... ஒரு சங்கதி போடுதேன், அது சரியா போச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கெணத்துக்குள்ள கல்லப் போட்டுட்டு, சத்தம் வரும் வரும்னு காத்திருக்கிற மாதிரி இருக்கு. இனிமே வாசிக்கவே பயமா இருக்கும்மா." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்கப்பா கச்சேரிக்கு வந்த ஆளுங்கள எனக்குக் கொஞ்சம் தருவீங்களா?"

"ஆளுங்களையா?"

"அவங்க சத்தத்த. காலியா இருக்கிற அரங்கத்துல போட்டுட்டு நான் பழகுதேன். யாராவது எதிர்ல இருக்காங்கன்னு தோணுனா போதும். ஐயாவோட வயலின் வேண்டாம். இதுவரைக்கும் நான் அவரக் கேட்டதே இல்ல. கேட்டா அப்புறம் வில்லத் தூக்கவே மாட்டேன்."

வயலினை முழுதாக நிறுத்துவதில்லை என்பது விதி. அபயா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணையும் பார்த்தாள். அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தாள். கேட்பவரின் அருமை அவரைவிட யாருக்கும் தெரிந்திருக்காது.

"பேகடைக் கச்சேரி ஆளுங்கள எடுத்துக்க," என்றாள். "அவங்கதான் நல்லாக் கேட்டவங்க."

ரிஸ்வானா அதைச் செய்துகொடுத்தாள். ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி ஒன்று. எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாரோ, அவர் குரல் அங்கிருந்தே வரும். தாமிரா காலை வேளைகளில் வந்து காலி அரங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேகடை வாசிப்பாள். நாற்காலிகள் இருமும், செருமும், திடீரென்று எங்காவது "பலே" என்னும். முதலில் அது அவள் வாசிப்பதற்குச் சம்பந்தமே இல்லாமல் வந்தது. அவள் சுருதி சேர்க்கும்போது "அடடா" என்றது. உயிரைக் கொடுத்து வாசித்த இடத்தில் குறட்டை விட்டது. அவள் சிரித்துவிடுவாள். ஆனாலும் தைரியம் வந்தது. முகம் தெளிந்தது.

ஒருநாள் ஞானசம்பந்தம் பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். கறாரான மனிதர் எழுந்துவந்து, "இதைக் கச்சேரியிலும் வச்சா என்ன?" என்றார். மௌனமாக இருக்கும் அரங்கம் அவரையும் வருத்தியிருந்தது. அபயாவுக்கு உள்ளூர ஒரு சங்கடம் இருந்தது. ஆனால் தாமிராவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மறுத்துப் பேசவில்லை.

அறிவிப்பு வந்ததும் இருக்கைகள் தீர்ந்துபோயின. தாத்தா உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டு வாங்கின. பூங்கோதை ஒன்பதாம் வரிசைக்காக ஈரோட்டிலிருந்து மறுபடி வந்திருந்தாள்.

கச்சேரி நாளன்று அபயா நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சால்வை போர்த்திய ஒரு பெரியவர். விளக்குகள் மங்கின. உயிரோடிருந்தவர்கள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்கள். நாற்காலிகளுக்கு அடியில் பழைய அரங்கம் விழித்துக்கொண்டது. மின்விசிறி, வளையல், பொட்டலத்தின் சரசரப்பு. சுற்றிலும் முகங்கள் மலர்ந்தன. வெகுநாள் கழித்துச் சொந்த வீட்டுக்கு வந்தவர்கள்போல எல்லோரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள்.

தாமிரா பேகடையைத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அபயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல்கள் இப்போது தவறான இடத்தில் விழவில்லை. தாமிரா ஒரு சங்கதியை முடிக்கிறாள், அங்கே "ஆஹா" இருக்கிறது. மேல் ஸ்தாயியில் ஓர் இடத்தைத் தொட்டு விலகுகிறாள், அங்கே ஒரு பெருமூச்சு இருக்கிறது. எத்தனையோ காலைகளில் அவள் அந்தப் பாராட்டுகளைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறாள். எந்த இடத்தில் பலே வரும் என்று காதுக்குப் பழகிவிட்டது. அந்த இடத்தில் பலேக்குத் தகுந்ததை வைக்க வேண்டும் என்று கை தேடியிருக்கிறது. ஒன்றை வைத்துப் பார்த்து, பொருந்தாமல் மாற்றி, இன்னொன்றை வைத்து, கடைசியில் ஒவ்வொன்றுக்கும் உரியதைக் கண்டுபிடித்திருக்கிறது.

அபயா முன்னால் சாய்ந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது அப்பாவின் ஆலாபனை. அவரைக் கேட்டே இராத பெண் அதை வாசித்துக்கொண்டிருந்தாள், வளைவுக்கு வளைவு, நிறுத்தத்துக்கு நிறுத்தம். அவரைக் கேட்டவர்களிடமிருந்தே அவரைத் தோண்டி எடுத்திருந்தாள். அவளுடைய அந்தச் சஹானாவின் கைவாகு இதில் எங்குமே இல்லை என்பதும் அபயாவுக்குத் தெரிந்தது. தாமிராவோ கண்ணை மூடி, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் சொந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டவள்போல மலர்ந்திருந்தாள்.

அரங்கத்தில் வேறு யாருக்கும் இது தெரியவில்லை. தெரிவதற்கு அவர்கள் அந்த வயலினைக் கேட்டிருக்க வேண்டும்.

வில் மேலிருந்து இறங்கி வந்தது. வாசலில் வந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நழுவியது.

"அப்பா!"

அபயாவின் வாயிலிருந்து அது உரக்கவே வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

யாரும் திரும்பவில்லை. சால்வைப் பெரியவர் மட்டும் குனிந்து, அவள் நாற்காலிக்கு அடியிலிருந்த ஒலிபெருக்கியை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அந்தக் காலத்து ரசிகர் யாரோ ஒருவரின் ரசனையை மெச்சுவதுபோல, சத்தமில்லாமல் தலையை ஆட்டினார்.